வயிற்றுச் சுற்றளவு: 40 தாண்டிய பெண்களுக்கு இஞ்ச் டேப், எண்ணெய் கேன், நாற்காலி

#1 நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு நடத்துற உடல்நல வகுப்புக்கு ஒரு கையேடு தயாராகுது. வயசு 38-லிருந்து 55. தையல் மிஷின், செக்கிங் டேபிள் வேலை. பல பேருக்கு ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம் உட்கார்ந்த இடம். கை கால் ஒல்லியா, வயிறு மட்டும் முன்னால தள்ளி நிக்கிறதுதான் இங்க பொதுவான உடல்வாகு. "எண்ணெயைக் குறையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்"னு நோட்டீஸ் ஏற்கெனவே செவுத்துல ஒட்டித்தான் இருக்குது, யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. எங்க அளக்கறது, எத்தனை கரண்டி, எத்தனை தடவை, எப்ப டாக்டர்கிட்ட போறதுன்னு கணக்காச் சொல்லுங்க. ஜிம், புரோட்டீன் பவுடர், ஓட்ஸ் எல்லாம் வேண்டாமுங்க. வீட்ல இருக்கிறதை வெச்சுத்தான் ஆகணும்.

#2 கீழ்பவானி (பொது மருத்துவம்)

முதலில் எடை மெஷினை ஓரமாக வையுங்கள். இந்த வயதில் எடை அப்படியே நிற்கும், இடுப்பளவு மட்டும் ஏறும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் (நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே) ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. அதுவரை தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அதே சமயம் தசை குறைகிறது. கூடின கொழுப்பும் குறைந்த தசையும் சரிக்குச் சரியாகி, முள் அதே 62 கிலோவைக் காட்டும்.

அளக்கும் இடம் தொப்புள் அல்ல. பக்கவாட்டில் விரலால் தடவிக் கடைசி விலா எலும்பின் அடி விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு. வலது, இடது இரண்டு பக்கமும் போடுங்கள். அந்தக் கோட்டின் வழியாக டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். வெறும் வயிறு, சிறுநீர் கழித்த பிறகு, பாதங்கள் ஓர் அடி இடைவெளியில். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, அது முடிகிற நொடியில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இரண்டு முறை அளந்து 1 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டியதுதான்.

தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். 72-லேயே கவனிக்கத் தொடங்கலாம் என்பது இந்திய மருத்துவர்கள் 2009-ல் ஒப்புக்கொண்ட வரையறை. குட்டையானவர்களுக்கு இன்னொரு கணக்கு: இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 75. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில்தான் முதன்முறையாக இடுப்பை அளந்தார்கள். 80 எல்லையை வைத்துப் பார்த்தால் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். ஆண்களில் அது 12 சதவீதம்தான்.

#3 ஓவர்லாக்

டேப் பத்தி ஒரு வார்த்தைங்க. கம்பெனியில கழுத்துல தொங்குற டேப் ஒரு வருஷத்துல இழுபட்டுப் போயிரும், இழுபட்ட டேப் குறைச்சுத்தான் காட்டும். கட்டிங் டேபிள்ல இருக்கிற இரும்பு ஸ்கேல் மேல வெச்சு 60 செ.மீ. ஒத்து வருதான்னு பார்த்துட்டு அளங்க. நுனியில இருக்கிற தகடு கழண்டிருந்தா அந்த டேப்பே வேண்டாம்.

அப்புறம், பெண்களுக்கு இடுப்பு ஏறுறது ஏன் தெரியறதே இல்லைன்னா, போடுற துணி எதுவும் அதைச் சொல்லாது. பாவாடை நாடா எத்தனை பெருத்தாலும் கட்ட வரும். நைட்டிக்கு இடுப்பே கிடையாது. சுடிதார் பேண்ட்டுக்கும் நாடா, இல்லைன்னா எலாஸ்டிக். ஆம்பளைக்கு பெல்ட் ஓட்டையாவது காட்டிக் குடுக்கும். நாடாத் தழும்பை வெச்சு அளந்துடாதீங்க, அது டாக்டர் சொன்ன கோட்டை விட ரெண்டு மூணு இஞ்ச் கீழ இருக்கும்.

#4 கீழ்பவானி

நாடா விஷயம் நான் யோசிக்காதது. கையேட்டில் கட்டாயம் போடுங்கள்.

முதல் பதிவில் "கை கால் ஒல்லி, வயிறு மட்டும்" என்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தசை குறைவும் கொழுப்பும்தான். ஆனால் முகம் உருண்டு, தோள்பட்டைக்கு நடுவே மேடு தட்டி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் ஸ்டீராய்டு மிகை என்று சந்தேகிக்க வேண்டும். மூட்டுவலிக்குப் பெயர் இல்லாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை: சில வாரங்களில் வயிறு வேகமாகப் பெருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, உடம்பு இளைக்கிறது, கால் வீங்குகிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு மீண்டும் உதிரம் படுகிறது. இவை எதுவும் தொப்பை அல்ல. உடனே ஸ்கேன். கர்ப்பப்பைக் கட்டி, சினைப்பைக் கட்டி, வயிற்றில் நீர் என்று எதுவாகவும் இருக்கலாம். இவர்களுக்குப் போய்க் கொள்ளு ரசம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், எஸ்ஜிபிடி (ஈரலுக்கான சோதனை), டிஎஸ்எச் (தைராய்டுக்கான சோதனை) போதும். இடுப்பு 80, டிரைகிளிசரைடு 150, அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, இந்த அளவுகளுக்கு மேல். எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 50-க்குக் கீழ். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. தைராய்டு குறைவு இருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அதனால் ஏறுவது சில கிலோ, அதிலும் பெரும்பகுதி நீர். 15 கிலோவுக்கும் தைராய்டையே காரணம் சொல்ல முடியாது.

#5 அரிசிம்பருப்பு (உணவியல்)

சோத்துப் பக்கம் நான் வர்றேனுங்க.

நம்ம ஊர்ச் சாப்பாட்டுல குறை எண்ணெய்ப் பலகாரத்துல இல்லை, தினச் சாப்பாட்டுல. காலையில நாலு இட்டிலி, மத்தியானம் சோறு, பொழுதோட டீயும் பன்னும், ராத்திரி தோசை. நாலும் மாவுதான். புரதம் எல்லாம் சேர்த்து 35, 40 கிராம் தேறுனாப் பெரிசு. தசையைக் காப்பாத்தணும்னா 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கூட்டணும்.

அந்த 60 எப்படி வரும்? ரெண்டு முட்டை 12. பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து வேகாத எடையில 90 கிராம், அதுல 20. தயிர், மோர், டீக்குப் பாலுன்னு 300 மில்லி, அதுல 9. அரிசியோ கம்போ ராகியோ மொத்தம் வேகாத எடை 150 கிராம், அதுல 12. வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, 20 கிராம், அதுல 5. கிட்ட வந்துருச்சு. இதோட காய் 400 கிராம், ஒரு கொய்யாப்பழம், எண்ணெய் மூணு டீஸ்பூன். எல்லாம் சேர்த்து 1500-லிருந்து 1600 கலோரிக்குள்ள நிக்கும். முட்டை சாப்பிடாதவங்க அதுக்குப் பதிலா இன்னொரு 30 கிராம் பயறும் ஒரு கப் தயிரும் சேர்க்கலாம்.

அரிசிம்பருப்புச் சோறு விடவே வேண்டாம், பங்கை மாத்துங்க. வழக்கமா ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. அதை அரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்புன்னு ஆக்குங்க. இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க: பருப்பைக் கூட்டிட்டு ஊற வைக்கிறதில்லை. அரிசி குழைஞ்சிரும், பருப்பு நறுக்குனு நிக்கும், ராத்திரி வயிறு உப்பிக்கிட்டு "பருப்பு ஒத்துக்கலை"ன்னு பழைய பங்குக்கே போயிருவாங்க. பருப்பை மட்டும் தனியா அரை மணி நேரம் ஊற வெச்சு, தண்ணி வழக்கத்தை விட அரை டம்ளர் கூட ஊத்துங்க. கூடவே வெள்ளைப்பூண்டு, சீரகம் இருக்கவே இருக்கு. தட்டுல முதல்ல பொரியலை எடுத்து வெச்சுட்டு, அப்புறம்தான் சோறு.

#6 சென்னிமலை தறி

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பழமொழியே இருக்குதுங்களே. கொள்ளுத் தண்ணி குடிச்சா ஊளைச்சதை கரையும்னு ஊரே சொல்லுது. அதையும் கம்பங்கூழையும் மட்டும் எழுதினாப் போதாதா?

#7 அரிசிம்பருப்பு

கொள்ளு நல்ல பொருள்தானுங்க, ஆனா கொழுப்பைக் கரைக்கிற மருந்து இல்லை. 100 கிராம் கொள்ளுல 22 கிராம் புரதம், 320 கலோரி. வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது, அதனால சோறு குறையும். அவ்வளவுதான் அதோட வித்தை. ஆனா வேக வெச்ச தண்ணியை ரசம் வெச்சுக் குடிச்சுட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டா, புரதமும் நாரும் மாட்டுக்குப் போச்சு. கடைஞ்சு சாப்பிடுங்க, சுண்டல் பண்ணுங்க. எட்டு மணி நேரம் ஊறணும், குக்கர்ல ஆறேழு விசில். ஊறாத கொள்ளு வாயுதான்.

கம்பும் ராகியும் 100 கிராமுக்கு 320-லிருந்து 350 கலோரி, அரிசியும் கிட்டத்தட்ட அதேதான். நாரு கூட, இரும்பு கூட, அந்த வகையில நல்லது. அதுக்காகக் கம்பஞ்சோறு மூணு உருண்டை சாப்பிட்டா இடுப்பு குறையுமா? நைஸா அரைச்ச மாவுக் கூழ் சர்க்கரையை வேகமாத்தான் ஏத்தும். குருணையா உடைச்சு, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு ஒரு சொம்போட நிறுத்துனாச் சரி. நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரைன்னு நாலு டீயில எட்டு ஸ்பூன் போட்டா, 40 கிராம், 160 கலோரி. உடம்புக்கு அது கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையா சீனியான்னு தெரியாது.

#8 நொய்யல்கரை

எண்ணெய்க்கு ஸ்பூன் கணக்குச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்களே அக்கா. குடும்பத்துக்கே ஒரே சட்டியில தாளிக்கிறாங்க, அவங்க பங்கை எப்படிப் பிரிக்கிறது?

#9 அரிசிம்பருப்பு

நல்ல கேள்வி கண்ணு. தலைக்கு அளக்காதீங்க, கேனை அளங்க. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியில 2000 கலோரி ஆளுக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய். நாலு பேர், 30 நாள்னா 3,240 கிராம், அதாவது சுமார் மூணரை லிட்டர். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நெய், டால்டா எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. செக்குல ஆட்டுனா ஆரோக்கியம்னு அஞ்சு லிட்டர் கேனை ரெண்டு தடவை நிரப்புற வீடு எத்தனை? செக்கு எண்ணெய்க்கும் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கலோரிக்கு மேலதான்.

ஒண்ணாந்தேதி கேன்மேல மார்க்கர் பேனாவால கோடு போடுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு கோடு. முதல் மாசம் எதையும் மாத்த வேண்டாம், கோடு மட்டும். ரெண்டாம் மாசம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கால் பங்கு சுருக்குங்க. தாளிக்கிற குழிக்கரண்டி எவ்வளவு பிடிக்கும்னு யாருக்கும் தெரியாது. காய்ச்சல் மருந்து பாட்டிலோட வர்ற மூடியால தண்ணி ஊத்தி அளந்து பாருங்க. 30, 40 மில்லி பிடிக்கிற கரண்டியெல்லாம் இருக்கு. அதுலயே ரொப்பித் தாளிச்சா ஒரு வேளைப் பொரியலுக்கே ஒரு ஆளோட ஒரு நாள் பங்கு போயிருச்சு.

தேங்காய் தனிக் கணக்கு. துருவுனது 30 கிராம் போட்டாலே நூறு கலோரிக்கு மேல. பொள்ளாச்சிப் பக்கம் இதைச் சொன்னா அடிக்க வருவாங்க, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்: சட்னிக்குத் தேங்காயில பாதியைக் குறைச்சுப் பொட்டுக்கடலை, கொத்தமல்லித் தழை போட்டு அரைங்க. சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப்பால் ஒறம்பரை (விருந்தாளி) வந்தா மட்டும்.

#10 நடைபாதை பிசியோ

பயிற்சிக்கு வரலாம். படுத்து எந்திரிக்கிற கிரஞ்சஸை யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. வயித்துத் தசையை வேலை வாங்குனா அதுக்கு மேல இருக்கிற கொழுப்பு மட்டும் தனியாக் கரையாது. அதை விட முக்கியமா, பிரசவத்துக்குப் பிறகு நடுவயித்துத் தசை விலகியே இருக்கிற பெண்கள் நிறைய. மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்க. தொப்புளுக்கு மேலயும் கீழயும் விரல்களைக் குறுக்க வெச்சு அழுத்திப் பாருங்க. ரெண்டு விரலுக்கு மேல உள்ள போச்சுன்னாலோ, நடுவுல கூரை மாதிரி மேடு எழுந்தாலோ, கிரஞ்சஸ் அந்த இடைவெளியை மோசமாக்கலாம். சிசேரியன் தழும்பு, கருத்தடை ஆபரேஷன் தழும்பு, தொப்புள், இங்கெல்லாம் இருமும்போது உருண்டை தள்ளுனா அது குடலிறக்கம். சர்ஜன் பார்க்காம எந்தப் பயிற்சியும் வேண்டாம். தள்ளுன உருண்டை உள்ள போகாம வலியும் வாந்தியும் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இது ரெண்டும் இல்லாதவங்களுக்கு, வாரம் மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 நிமிஷம்:

நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலின்னா முதுகைச் செவுத்தோட ஒட்டிப் போடுங்க, இல்லைன்னா வழுக்கும். கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, மூணு எண்ணி மெதுவா உட்காருங்க, ஒண்ணுல எழுந்திருங்க. 8 தடவை, ரெண்டு சுத்து. முட்டி ரெண்டும் உள்பக்கம் சாயக் கூடாது, கால் கட்டைவிரலைப் பார்த்தே இருக்கணும். மூட்டுவலி இருந்தா மடிச்ச கம்பளியைப் போட்டு நாற்காலியை உசத்துங்க, வலி குறைஞ்சதும் ஒவ்வொரு மடிப்பா எடுங்க. "முட்டி வலிக்குது, எனக்கு இது ஆகாது"ன்னு விடுறவங்கள்ல பல பேருக்கு நாற்காலி தாழ்வா இருக்கிறதுதான் காரணம்.

சுவரைத் தள்ளுறது. கை தோள் உசரத்துல, கால் ரெண்டடி பின்னால. 8 தடவை, ரெண்டு சுத்து. அப்புறம் மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குறது, 10 தடவை. கட்டில் விளிம்புல ஒரு கையை ஊணிக்கிட்டு, இன்னொரு கையால அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனை விலாப் பக்கம் இழுக்கிறது, பக்கத்துக்கு 8. கடைசியா கைக்கொரு அஞ்சு லிட்டர் தண்ணிக் கேன், அதாவது அஞ்சு அஞ்சு கிலோ, நிமிர்ந்து 20 மீட்டர் நடை, நாலு தடவை. கிரஞ்சஸ் தர்றதை விட இந்தக் கேன் நடை வயித்துக்கு நல்ல வேலை.

எழும்போது, தூக்கும்போது மூச்சை விடணும். அடக்குனா பிரஷர் எகிறும். மேல் அளவு 160-ஐத் தாண்டி இருக்கிறவங்க முதல்ல மருந்துல கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டுத் தொடங்குங்க. கடைசி ரெண்டு தடவை சிரமமா இருக்கணும். சிரமமே இல்லைன்னா 12-க்கு ஏத்துங்க, மூணு சுத்து ஆக்குங்க, அப்புறம் ரெண்டு லிட்டர் பாட்டிலை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு நாற்காலி. இந்தப் படியேத்தம் இல்லாம ஆறு மாசம் அதே எட்டையே பண்றதுதான் பலன் நின்னுபோறதுக்குக் காரணம்.

#11 சென்னிமலை தறி

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல காலையில கூட்டம் கூட்டமா நடக்கிறாங்களே, அது போதாதுங்களா?

#12 நடைபாதை பிசியோ

நடை வேணும், ஆனா நடை மட்டும் பத்தாது. 60 கிலோ ஆள் அரை மணி நேரம் வேகமா நடந்தா நூறு கலோரி சொச்சம். ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர், அதுவும் அரை மணி நேரக் கணக்குதான். முடிச்சுட்டு பேக்கரியில ஒரு முட்டை பப்ஸ் தின்னா அதுக்கு ரெண்டு மடங்கு ஏறிரும். நடை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ரொம்ப நல்லது, வாரம் 150 நிமிஷம். தசையைக் காப்பாத்துறது மேல சொன்ன 20 நிமிஷம்தான். ஷிப்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒரே மூச்சா அரை மணி கிடைக்காது. சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவை நடந்தாலும் கணக்குல சேரும், சர்க்கரை ஏறுறதும் குறையும்.

இன்னொண்ணு, பெண்கள் வெளிய சொல்லாதது: குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசிஞ்சா ஸ்கிப்பிங், ஏரோபிக்ஸ் எல்லாம் நிறுத்திட்டு அடியிடுப்புத் தசைப் பயிற்சி. சிறுநீரை அடக்குற மாதிரி உள்ள இழுத்து அஞ்சு நொடி, விட்டு அஞ்சு நொடி, 10 தடவை, நாளைக்கு மூணு வேளை. சிறுநீர் போகும்போது செஞ்சு பார்க்காதீங்க. மூணு மாசம் விடாம செஞ்சாத்தான் தெரியும்.

#13 நொய்யல்கரை

நல்லதுங்க. இடுப்பு பெல்ட், எடை குறைக்கிற ஊசி, ரெண்டையும் கேக்கிறாங்க. எத்தனை நாள்ல குறையும்னும் கேக்கிறாங்க.

#14 கீழ்பவானி

பெல்ட் போட்டால் வேர்க்கும், நீர் போகும், தண்ணீர் குடித்ததும் திரும்பும். இறுக்கிக் கட்டினால் நெஞ்செரிச்சல் கூடும்.

ஊசி: செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் உண்மையிலேயே வேலை செய்கின்றன. 2025 முதல் பருமனுக்கான ஊசிகளாகவும் இங்கே கிடைக்கின்றன. வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல் வரலாம். கணைய அழற்சி வந்தவர்களுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கூடாது. நிறுத்தினால் எடை திரும்பும். புரதமும் நாற்காலிப் பயிற்சியும் இல்லாமல் போட்டுக்கொண்டால் குறைவதில் கணிசமான பங்கு தசை. கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிற பொருள் அல்ல.

வேகம்: வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் இறங்கும். ஒரு கிலோவுக்கு இடுப்பு சுமார் 1 செ.மீ. அதனால் தினம் அளந்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் அளக்காதீர்கள், நீர் கோத்து அளவு ஏறும். பட்டினி கிடந்து மாதம் ஆறு கிலோ குறைத்தவர்களுக்கு மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டும், பித்தப்பையில் கல்லும் சேரலாம்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருந்தளவை மாற்ற வேண்டும். இதை மறந்தால் மிஷினில் உட்கார்ந்தபடியே வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார்கள். கையேட்டில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தூக்கம் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி 5 மணி நேரம் தூங்குகிறவருக்கு அடுத்த நாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். பலத்த குறட்டை, பகலில் தூக்கம் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு வேர்த்துக் கொட்டி விழிப்பு வந்தால் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவுக்கு மருத்துவம் உண்டு, மகளிர் மருத்துவரிடம் போகலாம். ஆனால் ஹார்மோன் மாத்திரை எடை குறைக்கும் மருந்து அல்ல.

#15 ஓவர்லாக்

கேன் நடை பத்திங்க பிசியோ சார். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேனோட கைப்பிடி விரலை அறுக்குது, ரெண்டாவது தடவையிலேயே பெண்கள் கீழ வெச்சுருவாங்க. கட்டிங்ல விழுற பனியன் வேஸ்ட் துணியை மூணு சுத்துச் சுத்திக் கட்டுனாச் சரியாயிருமா?

#16 நடைபாதை பிசியோ

சரியாயிரும். ரொம்பத் தடிமனாச் சுத்தாதீங்க, விரல் மூடாது, பிடி நழுவும். ரிப் துணியா இருந்தா ரெண்டு சுத்தே போதும். மூடியைத் திருகி இறுக்கிட்டுத் தூக்கச் சொல்லுங்க, தண்ணி சிந்துன தரையில நடந்தா வழுக்கும்.